கடலில் ஆறாத புண்: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் கணவருக்கு 43 வயது. பனாமா கொடியுள்ள சரக்குக் கப்பலில் ஆயிலராக இருக்கிறார். கப்பலேறி ஆறு மாதம் ஆகிறது. அவருக்கு நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரைதான் சாப்பிடுகிறார், ஊசி இல்லை. சொன்னால் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்று பயந்து மெடிக்கல் பரிசோதனையில் மறைத்துவிட்டார். கொண்டுபோன மாத்திரை தீர்ந்து மூன்று வாரமாகிறது. இப்போது வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் புண். வலியில்லை என்கிறார், ஆனால் ஆறவில்லை. கேப்டனிடம் சொல்ல மறுக்கிறார். போன மாதச் சம்பளமும் வரவில்லை. கப்பல் நிலக்கரி ஏற்ற ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மாலுமிகளுக்கு உதவச் சர்வதேச அமைப்புகள் இருக்கின்றன என்கிறார்கள். யாருக்கு எழுதுவது? எழுதினால் பிளாக்லிஸ்ட் செய்துவிடுவார்களா? என் தம்பி காசிமேட்டிலிருந்து வளைகுடா நாடு ஒன்றுக்கு மீன்பிடிப் படகு வேலைக்குப் போகவிருக்கிறான். அவனுக்கும் இந்த உதவியெல்லாம் கிடைக்குமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமான விஷயம் என்பதால் உங்கள் கடிதம் கிடைத்த அன்றே மின்னஞ்சலில் சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். அதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். ராயபுரம் முதல் எண்ணூர் வரை, வீட்டில் ஒருவர் கப்பலில் இருக்கும் குடும்பங்கள் நிறைய. இதே பயத்தோடு இருக்கும் மற்றவர்களுக்கும் இது பயன்படட்டும்.

முதலில் புண். 'வலியில்லை' என்று உங்கள் கணவர் சொல்வது உங்களுக்கு ஆறுதலாக இருக்கலாம். எனக்கு அதுதான் கவலை. கட்டைவிரலடியில் புண் வந்தும் வலிக்கவில்லை என்றால் அங்கே நரம்பு மரத்துப்போகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். ஆயிலர் வேலை என்ஜின் அறையில். சூடும் வியர்வையும் ஒருபுறம், இரும்புத் தட்டு வைத்த பாதுகாப்பு ஷூ மறுபுறம். மணிக்கணக்கில் இரும்புப் படிகளில் ஏறி இறங்க வேண்டும். மரத்துப்போன கால் அந்த ஷூவுக்குள் உரசுவது அவருக்கே தெரியாது. மாலை ஷூவைக் கழற்றும்போது சாக்ஸில் ஈரக்கறை தெரிந்தால்தான் தெரியும். அதற்குள் புண் ஆழமாகியிருக்கும். மூன்று வாரமாக மாத்திரையும் இல்லாத நிலையில் கிருமிக்கு இதைவிட வசதி வேண்டாம்.

ஆகவே அவர் இன்றே கேப்டனிடம் சொல்லவேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, வீங்கினாலோ, நாற்றம் அடித்தாலோ, நிறம் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மறுநாள் காலை வரைகூடக் காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் எழுப்பிச் சொல்லவேண்டும். அதுவரை அவர் அந்தக் காலை ஊன்றி நிற்கும் வேலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கட்டும். சுடுதண்ணீரில் காலை ஊறவைக்க வேண்டாம். சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும். மஞ்சள், பற்பசை, பக்கத்து கேபின்காரர் கொடுக்கும் களிம்பு எதுவும் வேண்டாம். கூட வேலை செய்பவரிடமிருந்து சர்க்கரை மாத்திரை வாங்கித் தானாக விழுங்கவும் வேண்டாம்.

'கப்பலில் டாக்டர் இல்லையே, சொல்லி என்ன பயன்?' என்று அவர் கேட்கக்கூடும். சரக்குக் கப்பலில் டாக்டர் இருக்கமாட்டார் என்பது உண்மைதான். 100 பேர் அல்லது அதற்கு மேல் ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு மேற்பட்ட சர்வதேசப் பயணம் போகும் கப்பலுக்குத்தான் டாக்டர் கட்டாயம். மற்றக் கப்பல்களில் மருத்துவப் பயிற்சி பெற்ற அதிகாரி ஒருவர் இருப்பார். மருந்துப் பெட்டியின் சாவி பெரும்பாலும் இரண்டாம் அதிகாரியிடம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கப்பல் மருத்துவக் கையேடும் இருக்கும். அதன் மூன்றாம் பதிப்பு 2007-இல் வந்தது. கையேட்டைப் பார்த்தும் தீராவிட்டால் கேப்டன் கரையிலுள்ள டாக்டரைத் தொடர்புகொள்ளலாம். எந்த நாட்டில் பதிவாகி எந்தக் கொடியுள்ள கப்பலானாலும் 24 மணி நேரமும் இலவசமாக ரேடியோ, சாட்டிலைட் வழியே மருத்துவ ஆலோசனை கிடைக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. ரோமில் இருக்கும் சர்வதேச ரேடியோ மருத்துவ மையம் 1935 முதல் இதைச் செய்துவருகிறது. குய்டோ குய்டா என்ற டாக்டர் தொடங்கிய அந்த மையத்துக்கு முதல் தலைவராக இருந்தவர் வானொலியைத் தந்த மார்க்கோனி. இப்போது புண்ணைப் படமெடுத்து, ரத்தச் சர்க்கரை அளவையும் காய்ச்சல் அளவையும் சேர்த்து அனுப்பினால், எந்த மருந்து, எத்தனை வேளை, கப்பலைத் திருப்பவேண்டுமா என்பதுவரை டாக்டர் சொல்வார். இந்த வாசலைக் கேப்டன்தான் தட்ட முடியும். வீட்டிலிருந்து நாம் கூப்பிட்டு ஆகாது. அதனால்தான் கேப்டனிடம் சொல்வது முதல் வேலை என்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட அமைப்புகள். உதவி இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் எது எதற்கு என்று தெரியாமல் எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்து நாளைக் கடத்துகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்கே எழுதுகிறவர்களும் உண்டு. அங்கே தனி ஆளின் புகாரை விசாரிக்கமாட்டார்கள். ஆனால் நீங்கள் கையில் எடுக்கவேண்டிய ஆயுதத்தைச் செய்து கொடுத்தது அந்த அமைப்புதான். 2006-இல் நிறைவேற்றிய கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015-இல் ஏற்றது. உங்கள் கணவரின் கப்பல் பறக்கவிடும் கொடிக்குரிய பனாமாவும், அது போய்ச்சேரும் ஆஸ்திரேலியாவும் அதற்கு முன்பே ஏற்றவை. ஆக மூன்று பக்கமும் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது.

அதில் உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது, நடைமுறைக்கு இயன்றவரை, தாமதமில்லாமல் டாக்டரைப் பார்க்க மாலுமிக்கு உரிமை உண்டு. செலவு அவருடையதல்ல. டாக்டர் எழுதும் மருத்துவ அறிக்கை ரகசியமாக வைக்கப்படவேண்டும். சிகிச்சைக்கு மட்டுமே பயன்படவேண்டும். உடல்நிலை காரணமாக வேலை பார்க்க முடியாது என்றால் முதலாளி செலவில் ஊருக்கு அனுப்பவேண்டும். கப்பலில் இருக்கும்வரை முழுச் சம்பளம். இறங்கிய பிறகும் நோய் தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 16 வாரம்வரை சிகிச்சைச் செலவுக்கும், நாட்டுச் சட்டப்படி முழுதாகவோ பகுதியாகவோ சம்பளத்துக்கும் முதலாளி பொறுப்பு. அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். ஒப்பந்தத்தின் நகல் அவரிடம் இருக்கவேண்டும். அதை மொபைலில் படமெடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போது கசப்பான ஒன்றைச் சொல்லியாகவேண்டும். வேலைக்குச் சேரும்போது வேண்டுமென்றே மறைத்த நோய்க்கு முதலாளியின் பொறுப்பை விலக்க நாடுகளின் சட்டம் இடம் கொடுக்கலாம் என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. உங்கள் கணவர் மறைத்தது தெரியவந்தால், 16 வாரச் சம்பளம், சிகிச்சைச் செலவு இரண்டையும் நிறுவனம் மறுத்துப் பார்க்கலாம். அதை உங்களிடம் மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் இன்றே சொல்லச் சொல்கிறேன். காரணம், பணத்துக்காக வாதாட நாள் இருக்கிறது. காலுக்கு நாள் இல்லை. கப்பலில் இருக்கும்போது மருத்துவம் பெறும் உரிமையை, மறைத்தார் என்பதற்காக யாரும் பறிக்க முடியாது. மேலும் கரையிலுள்ள டாக்டரிடம் 'எனக்குச் சர்க்கரை இல்லை' என்று தொடர்ந்து சொன்னால் அவர் கொடுக்கும் மருந்தே தவறாகிவிடும். டாக்டரிடம் முழு உண்மை, எத்தனை ஆண்டு, என்ன மாத்திரை, எப்போது தீர்ந்தது எல்லாம் சொல்லவேண்டும்.

மெடிக்கலுக்கு வருகிறவர்கள் முதல்நாளே பட்டினி கிடந்து, வெந்தயத் தண்ணீர் குடித்துவிட்டு வருவது எனக்குத் தெரிந்த சங்கதி. மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனையில் ஒருநாள் பட்டினி எதையும் மாற்றாது. அவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். வீட்டுக்கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், அடுத்த கப்பல் எப்போது என்ற கேள்வி, இவைதான் அவர்களைப் பொய் சொல்லவைக்கின்றன. ஆனால் அந்தப் பொய் பெரும்பாலும் தேவையற்றது. மாலுமிகளின் உடல்தகுதிக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைப் பாருங்கள். மாத்திரையால் நன்றாகக் கட்டுக்குள் இருந்து, கண், கால், சிறுநீரகம் என்று பாதிப்பு எதுவும் இல்லாத சர்க்கரை நோயாளி கப்பலேறத் தடையில்லை. கட்டுப்படாதவருக்குத்தான் தற்காலிகத் தடையோ, தனியாக வாட்ச் (முறைவைத்துப் பார்க்கும் பணி) நிற்கக் கூடாது என்பதுபோன்ற நிபந்தனையோ வரும். இறுதி முடிவு பரிசோதிக்கும் டாக்டருடையது. நான்கு ஆண்டுக்கு முன்பே உங்கள் கணவர் சொல்லியிருந்தால், போதுமான மாத்திரையோடும் டாக்டர் சீட்டோடும் ஏறியிருப்பார். சர்க்கரை மாத்திரை எல்லாக் கப்பலின் பெட்டியிலும் இருக்கும் என்று நம்ப முடியாது. ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் அதற்கு மேல் ஒரு மாதத்துக்கும் சேர்த்துக் கையில் கொண்டுபோகவேண்டும்.

கேப்டன் காது கொடுக்கவில்லை என்றால்? அல்லது அவர் எழுதியும் நிறுவனம் 'அடுத்த துறைமுகத்தில் பார்க்கலாம்' என்று தள்ளினால்? அப்போதுதான் வெளியாட்கள். நீங்கள் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடியது, இங்கே அவரை ஏற்றிவிட்ட ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிப்பது. தொலைபேசியில் பேசினால் பேசியதற்குச் சாட்சி இல்லை. மின்னஞ்சலில் கணவரின் பெயர், சிடிசி (மாலுமிப் பணிப் புத்தகம்) எண், கப்பலின் பெயர், அதன் ஐஎம்ஓ எண், புண் எப்போது வந்தது, டாக்டரைப் பார்க்கவேண்டும் என்ற கோரிக்கை, சம்பள பாக்கி, இவ்வளவும் பத்து வரிக்குள். ஐஎம்ஓ எண் ஏழு இலக்கம் கொண்டது. கப்பலின் பெயர் மாறலாம், கொடி மாறலாம். அந்த எண் மாறாது. எந்த அமைப்பைக் கூப்பிட்டாலும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். ஏஜென்சிக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். உரிமம் இருந்தால் இயக்குநரகத்திடம் அவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும். அதன் கீழ் இயங்கும், ராஜாஜி சாலையில் ஆங்கர் கேட் கட்டடத்தில் இருக்கும் வணிகக் கடல்சார் துறை அலுவலகத்துக்கு நீங்களே போய் மனுவின் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு நாளில் அசைவு இல்லையென்றால் 'சீஃபேரர்ஹெல்ப்' உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் இயங்கும் இலவச உதவி அது. மாலுமியின் குடும்பத்தாரும் பேசலாம். பல மொழிகளில் பதில் சொல்வார்கள். சொன்னது வெளியே போகாது. ஐஸ்வான் என்ற சர்வதேச மாலுமிகள் நல அமைப்பு அதை நடத்துகிறது. அவர்களால் கப்பலை நிறுத்த முடியாது, சம்பளம் வாங்கித் தரவும் முடியாது. கேட்பார்கள், எந்தத் துறைமுகத்தில் யார் கதவைத் தட்டவேண்டும் என்று பார்த்து அவர்களோடு இணைத்துவிடுவார்கள். உங்களைப்போல் எங்கே தொடங்குவது என்று திகைத்து நிற்பவருக்கு அதுவே பெரிய உதவி. என் கணிப்பில் குடும்பத்தார் முதலில் தட்டவேண்டிய வெளிக்கதவு இதுதான்.

சம்பளமும் சிக்கலானால் ஐடிஎஃப். 1896-இல் தொடங்கிய சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு இது. இதை நீதிமன்றம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. இது தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பு. பல நாட்டுத் துறைமுகங்களில் இதன் ஆய்வாளர்கள் கப்பலில் ஏறிக் கணக்கைப் பார்ப்பார்கள், முதலாளியிடம் பேசுவார்கள். ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். கப்பலைத் தடுத்துவைக்கும் அதிகாரம் அந்தந்த நாட்டு அரசுக்கு. இதில் உங்கள் கணவருக்கு வாய்த்த துறைமுகம் நல்ல துறைமுகம். சம்பள பாக்கிக்காகவும் மாலுமி நலக் குறைபாட்டுக்காகவும் கப்பல்களைத் தடுத்துவைப்பதில் ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையம் கண்டிப்பானது என்று பெயர் வாங்கியது. மாலுமியே அங்கே புகார் கொடுக்கலாம். கொடுத்தவர் பெயரை வெளியிடக் கூடாது என்பது விதி.

சம்பளம் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போனால் நிலைமை வேறு. ஒப்பந்தப்படியான சம்பளத்தை இரண்டு மாதமாவது கொடுக்காமல் முதலாளி தொடர்பை அறுத்துக்கொண்டால், மாலுமியைக் கைவிட்டதாகவே உடன்படிக்கை கருதும். 2017 முதல் இதற்கு ஒவ்வொரு கப்பலும் காப்பீட்டுச் சான்றிதழ் வைத்திருக்கவேண்டும். அது எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் சாப்பாட்டு அறை அறிவிப்புப் பலகையில் பார்க்கலாம். அதில் இருக்கும் காப்பீட்டாளரின் பெயரையும் தொடர்பு எண்ணையும் உங்கள் கணவர் இப்போதே படமெடுத்து வைக்கட்டும். நான்கு மாதம் வரையிலான பாக்கிச் சம்பளமும் ஊர் திரும்பும் செலவும் அதிலிருந்து கிடைக்கும்.

நியூகாசிலில் இறங்கும் நேரத்துக்கு ஒரு பெயரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: மிஷன் டு சீஃபேரர்ஸ். 1856-இல் தொடங்கிய ஆங்கிலிகன் அமைப்பு. அந்த ஊரில் அதற்கு மையம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் ஸ்டெல்லா மாரிஸும் இதே பணியை 1920-லிருந்து செய்கிறது. மதம் பார்க்கமாட்டார்கள். கப்பலுக்கே வந்து பார்ப்பார்கள். சிம் கார்டு வாங்கவும் மருந்துக்கடைக்குப் போகவும் வண்டியில் ஏற்றிச் செல்வார்கள். முன்பின் தெரியாத ஊரில், நொண்டிக்கொண்டு நடக்கும் மனிதனுக்கு இது சின்ன உதவி அல்ல.

பிளாக்லிஸ்ட் பற்றிய உங்கள் பயத்தை வீண்பயம் என்று தள்ளமாட்டேன். மாலுமிக்கு வேலை கிடைக்காமல் தடுக்கும் பட்டியல் வைத்திருப்பதை உடன்படிக்கை வெளிப்படையாகவே தடைசெய்கிறது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதையும் தடைசெய்கிறது. ஆனாலும் 'இப்போது இடமில்லை' என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நிரூபிப்பது கடினம். அதனால்தான் படிப்படியாகப் போகச் சொல்கிறேன்: முதலில் கேப்டன், பிறகு ஏஜென்சி, பிறகு வெளியே. மரியாதையான மொழியில், தேதி போட்டு, எழுத்தில். முதலில் உள்ளே கேட்டவர் என்பது பதிவில் இருந்தால் அவரைக் குழப்பக்காரர் என்று சொல்வது எளிதல்ல.

ஒரு காகிதத்தில் மட்டும் அவர் கையெழுத்திடக் கூடாது. நோயாளியை இறக்கும்போது 'சொந்த விருப்பத்தின் பேரில் இறங்குகிறேன்' என்று அச்சிட்ட படிவத்தை நீட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வீட்டுக்குப் போனால் போதும் என்ற அவசரத்தில் மாலுமி கையெழுத்துப் போட்டுவிடுவார். பிறகு டிக்கெட் பணம் அவர் தலையில்; சிகிச்சைச் செலவு கேட்டால் 'நீயாகத்தானே இறங்கினாய்' என்ற பதில். மருத்துவக் காரணத்தால் இறங்குகிறேன் என்றுதான் எழுதப்படவேண்டும். கரையில் பார்த்த டாக்டரின் அறிக்கை நகல் கையில் இல்லாமல் விமானம் ஏறவும் கூடாது.

இரவெல்லாம் தூக்கமில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். உங்களுக்கும் யாரிடமாவது பேசவேண்டும் என்றிருந்தால் 14416 என்ற அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

உங்கள் தம்பி விஷயம். மேலே சொன்ன உடன்படிக்கை மீன்பிடிப் படகுகளுக்குப் பொருந்தாது. 16 வாரச் சம்பளம், கைவிடப்பட்டால் காப்பீடு எதுவும் அதன்படி அவருக்கு இல்லை. மீன்பிடித் தொழிலாளர்களுக்கென 2007-இல் தனி உடன்படிக்கை ஒன்று நிறைவேறி 2017-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. கடலோடு பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் அதிகம் போவது இந்த வேலைக்குத்தான். காப்பு மிகக் குறைவாக இருப்பதும் இதில்தான். இது எனக்குத் தீராத ஆதங்கம்.

அவர் போயே ஆகவேண்டும் என்றால், விசாவில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது என்பதைத் தெரிந்தவரிடம் கொடுத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டவேண்டும். ஒப்பந்தத்தில் படகு முதலாளியின் பெயர், சம்பளம், நோய் வந்தால் யார் செலவு, திரும்பும் டிக்கெட் யாருடையது என்பவை இருக்கவேண்டும். சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் ஆளெடுக்கும் ஏஜெண்டின் பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் நகலும் உங்கள் வீட்டில் இருக்கட்டும். சிக்கல் வந்தால் அந்த நாட்டு இந்தியத் தூதரகம், வெளியுறவு அமைச்சகத்தின் மதாத் குறைதீர்ப்பு இணையதளம், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறை ஆகிய மூன்று இடத்திலும் அந்த நகல்களோடு நீங்களே மனு கொடுக்கலாம். ஸ்டெல்லா மாரிஸ் மீனவர்களுக்கும் உதவும்.

உங்கள் கணவர் நியூகாசிலில் டாக்டரைப் பார்த்ததும் அந்த அறிக்கையையும் காலின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். ஊர் திரும்பினால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஏதேனும் மருத்துவமனையில் காலைக் காட்டிவிடட்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்கள் பகுதிக்கு அருகில்தான்.